கடலடியில் கிடக்கும் இமயம்

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதன் பெயர் ஜாய்டிஸ் ரெசலூஷன். கப்பலின் நடுவே, நீர்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஓர் இரும்புக் கோபுரம் நின்றது. எண்ணெய் தேடிப் போகும் கப்பல் என்று பார்த்தவர் நினைத்தால் அதில் வியப்பில்லை. முதலில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்காகவே அது கட்டப்பட்டது. பின்னரே அறிவியல் ஆய்வுக்கு வந்தது. அந்தப் பயணத்தில் அதில் இருந்த பன்னாட்டு ஆய்வாளர்கள் தேடிச் சென்றது எண்ணெயை அன்று. இமயமலை எப்போது உயர்ந்தது, எவ்வளவு வேகமாகத் தேய்ந்தது என்பதை அறியவே அவர்கள் போனார்கள்.

இமயத்தை ஆராய விரும்புவோர் நேபாளத்துக்கோ திபெத்துக்கோ போவதுதானே முறை? ஆனால் அந்தக் கப்பல் இமயத்திலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் நங்கூரம்கூடப் போடாமல் நின்றது. அங்கே நீரின் ஆழம் ஏறத்தாழ 3,600 மீட்டர். அவ்வளவு ஆழத்தில் நங்கூரத்தால் பயனில்லை. கப்பலின் அடியிலுள்ள உந்திகள் இடைவிடாமல் சுழன்று அதை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தன. அப்படி நின்றபடியே குழாயை இறக்கி, கடற்படுகையைத் துளைத்து, உள்ளிருந்த சேற்றையும் மணலையும் உருளை உருளையாக மேலே எடுத்தார்கள்.

இதற்குக் காரணம் எளிது. மலை தன் வரலாற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. மழையும் பனியும் ஆறும் மேற்பரப்பை ஓயாமல் சுரண்டிக்கொண்டே இருப்பதால், 20 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இமயத்தின் உச்சியாக இருந்த பாறை இன்று இமயத்தில் இல்லை. அது பொடியாகி, ஆற்றோடு இறங்கி, எங்கோ படிந்து கிடக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் மலையின் பழைய பக்கங்களைப் படிக்கலாம்.

மலையிலிருந்து கடலுக்கு

ஆறு மலையை விட்டுச் சமவெளிக்கு வரும்போது அதன் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீரால் பளுவைச் சுமக்க முடியாது. முதலில் கூழாங்கற்கள் தங்கிவிடும். பிறகு பருமணல், பின்னர் நுண்மணல் என்று ஒவ்வொன்றாக இறங்கும். கடலைத் தொடும்போது மிச்சமிருப்பது பெரும்பாலும் நுண்மணலும் வண்டலும் களிமண்ணும்தான். அவை ஆற்றின் வாயில் விசிறிபோல் பரவிப் படிந்து புதிய நிலத்தை உண்டாக்குகின்றன. இதையே டெல்டா என்கிறோம். கிரேக்க எழுத்தான டெல்டாவின் முக்கோண வடிவம் நைல் ஆற்றின் கழிமுக நிலத்துக்குப் பொருந்தியதால் வந்த பெயர் இது.

சேற்றை நாம் பொதுவாக மதிப்பதில்லை. கோலாலம்பூர் என்னும் பெயரிலேயே சேறு இருக்கிறது. மலாய் மொழியில் ‘லம்பூர்’ என்றால் சேறு. ஆனால் எந்த ஆற்றுச் சேறும் எங்கோ ஒரு மேட்டு நிலத்தின் துண்டு என்பதை நினைவில் வைத்தால், அதை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றும்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் கலந்து உருவாக்கிய வங்காள டெல்டா உலகின் மிகப் பெரிய டெல்டாக்களில் ஒன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 100,000 சதுரக் கிலோமீட்டர். இவ்விரு ஆறுகளும் சேர்ந்து ஆண்டுதோறும் சுமந்துவரும் படிவு சுமார் 1 பில்லியன் டன். இந்த எண்ணை அப்படியே சொன்னால் மனத்தில் நிற்காது. 20 டன் ஏற்றிய லாரிகளாக எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 50 மில்லியன் லாரிகள் தேவைப்படும். அதாவது இரவும் பகலும் ஒவ்வொரு நொடியும் ஒன்றரை லாரி மண் இமயத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இந்த மண் முழுவதும் டெல்டாவில் தங்குவதில்லை. ஒரு பகுதி வெள்ளச் சமவெளியிலும் டெல்டாவிலும், இன்னொரு பகுதி கரையோரக் கடலடித் திட்டிலும் படிகிறது. எஞ்சிய ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வங்காளதேசக் கரைக்கு அப்பால் கடலடியில் வெட்டப்பட்டுள்ள ஓர் ஆழமான பள்ளத்தாக்கின் வழியே ஆழ்கடலுக்கு வழுக்கிச் செல்கிறது. அப்படிச் சென்ற படிவுகள் சேர்ந்து உருவானதே வங்காள விசிறி. நீளம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். இலங்கையையும் தாண்டி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வரை அது நீள்கிறது. உலகின் கடலடி விசிறிகளில் இதுவே பெரியது. டெல்டா நாம் காணும் வாசற்படி என்றால், வீடு முழுவதும் நீருக்கடியில் இருக்கிறது.

மணல் அமைதியான ஆழ்கடலில் அவ்வளவு தூரம் எப்படிப் பயணம் செய்யும்? நெடுங்காலம் இது புதிராகவே இருந்தது. விடைக்கு உதவியது ஒரு விபத்து. 1929ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அட்லாண்டிக் கடலடியில் பதிக்கப்பட்டிருந்த தந்திக் கம்பிகளில் 12 அறுந்தன. நடுக்கத்தின் மையத்துக்கு அருகில் இருந்தவை உடனே அறுந்தது இயல்பு. ஆனால் தொலைவில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, ஆழம் கூடக்கூட வரிசையாக அறுந்தன. கடைசிக் கம்பி அறுந்தது 13 மணி நேரத்துக்குப் பிறகு. தந்தி நின்ற நேரம் ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தது. 1952ஆம் ஆண்டில் புரூஸ் ஹீசன், மொரிஸ் எவிங் ஆகிய இருவரும் அந்த நேரங்களை வைத்தே விடை கண்டார்கள். நடுக்கத்தால் சரிந்த மண், நீரோடு கலந்து, பனிச்சரிவைப்போல் கடலடிச் சரிவில் பாய்ந்து சென்று கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்திருக்கிறது.

இத்தகைய பாய்ச்சலைக் கலங்கல் நீரோட்டம் எனலாம். அது ஓய்ந்ததும் பருமணல் முதலிலும், நுண்மணல் அதன் மேலும், களிமண் கடைசியிலும் படியும். ஒரு கண்ணாடிக் குவளையில் தோட்ட மண்ணைப் போட்டு, நீரூற்றிக் கலக்கிவிட்டுச் சற்று நேரம் வைத்தால் இதே வரிசையைக் காணலாம். ஆழ்கடலிலிருந்து எடுத்த உருளையில் இந்த வரிசை திரும்பத் திரும்ப வருமானால், ஒவ்வொரு முறையும் ஒரு பாய்ச்சல் வந்துபோயிருக்கிறது என்று பொருள்.

மணல்மணிக்குள் ஒரு கடிகாரம்

உருளை மாதிரிகள் கப்பலின் தளத்துக்கு வந்ததும் ஒன்றரை மீட்டர் துண்டுகளாக நறுக்கப்படும். பிறகு ஒவ்வொரு துண்டும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப்படும். ஒரு பாதியை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வார்கள். மறுபாதியைத் தொடாமல் வைத்துவிடுவார்கள். இன்றில்லாத கருவிகளோடு வருங்காலத்தில் ஒருவர் வரக்கூடும் அல்லவா? இந்தியப் பெருங்கடலில் எடுத்த மாதிரிகள் ஜப்பானின் கொச்சி நகரில் குளிரூட்டப்பட்ட கிடங்கில் பாதுகாக்கப்படுகின்றன.

முதல் கேள்வி, இந்த அடுக்கு எப்போது படிந்தது என்பது. கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் இதற்கு விடை தருகின்றன. எந்த இனம் எக்காலத்தில் வாழ்ந்தது என்பது தெரிந்திருப்பதால், அவற்றைக் கொண்டு அடுக்கின் காலத்தைக் கணிக்கலாம். எரிமலைச் சாம்பலும் நல்ல அடையாளம். சுமாத்ராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது எழுந்த சாம்பல் வங்காள விரிகுடாவின் அடியிலும் படிந்திருக்கிறது. அதே சாம்பல் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் உண்டு.

இரண்டாம் கேள்வி, இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பது. இங்கேதான் சிர்கான் என்னும் சிறு கனிமம் உதவிக்கு வருகிறது. மணலுக்குள் உப்புத்தூள் அளவிலோ அதனினும் சிறிதாகவோ கிடக்கும் இந்தக் கனிமம் எளிதில் தேயாது, கரையாது. எரிகுழம்பு குளிர்ந்து சிர்கான் உருவாகும்போது அது யுரேனிய அணுக்களைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. யுரேனியம் காலப்போக்கில் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாக மாறுகிறது. ஆகவே, சிர்கானுக்குள் ஈயம் இருந்தால் அது பின்னால் உண்டானதே. இரண்டின் விகிதத்தையும் அளந்தால் அந்த மணி பிறந்த காலம் கிடைத்துவிடும்.

வெவ்வேறு மலைப்பகுதிகளின் பாறைகள் வெவ்வேறு காலத்தில் உருவானவை. திபெத்தின் தென்விளிம்பில் ஒரு கருங்கல் தொடர் இருக்கிறது. அங்குள்ள சிர்கான்களில் பல, ஏறத்தாழ 50 முதல் 60 மில்லியன் ஆண்டு வயதுடையவை. இமயத்தின் தென்சரிவிலோ நூற்றுக்கணக்கான மில்லியன் ஆண்டுகளும் அதற்கு மேலும் பழமையான மணிகளே மிகுதி. வங்காள விசிறியின் ஒரு பழைய அடுக்கில் அந்த இளைய மணிகள் தென்பட்டால் என்ன பொருள்? அவ்வடுக்கு படிந்த காலத்திலேயே திபெத்திலிருந்து இமயத்தை ஊடறுத்துக்கொண்டு ஓர் ஆறு கடலுக்கு வந்திருக்கிறது என்பதுதான். அந்த ஆறு இன்றைய பிரம்மபுத்திராவின் முன்னோடி.

மூன்றாம் கேள்வியே மிகக் கடினமானது. மலை எவ்வளவு வேகமாக எழுந்து தேய்ந்தது? மணல் நிறைய வந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மலை உயர்ந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. மழை மிகுந்தாலும் அரிப்பு மிகும். கடல் மட்டம் தாழ்ந்தாலும் ஆறு தன் மண்ணை ஆழ்கடலுக்கே நேராகக் கொண்டுபோகும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஆய்வாளர்கள் வேறொரு கடிகாரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை. அபடைட் என்னும் கனிமத்தில் யுரேனிய அணுக்கள் பிளக்கும்போது நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. சூடு ஏறத்தாழ 110 பாகைக்கு மேல் இருந்தால் அந்தக் கீறல்கள் ஆறிப்போய் மறைந்துவிடும். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறையாமல் நிலைக்கும். ஆகவே, கீறல்களை எண்ணினால் அந்தக் கனிமம் 110 பாகைக்குக் கீழே வந்த காலம், அதாவது தரைக்கடியில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழத்தைக் கடந்து மேலே வந்த காலம் தெரியும். அதே மணல் கடலடியில் எப்போது படிந்தது என்பது நுண்ணுயிர் ஓடுகளால் முன்பே தெரிந்துவிட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள கால இடைவெளிதான் இங்கே முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மணல்மணி 20 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்தது, 19 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலில் படிந்தது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 1 மில்லியன் ஆண்டு. அதற்குள் அதன் மேலிருந்த 4 கிலோமீட்டர் பாறை முழுவதும் அரித்துப்போயிருக்க வேண்டும். ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர். கைந்நகம் ஒரு மாதத்தில் ஏறத்தாழ அவ்வளவு வளர்ந்துவிடுகிறது. ஆனால் மலைக்கு இது மின்னல் வேகம். இடைவெளி 20 மில்லியன் ஆண்டாக இருந்தால் வேகம் அதில் இருபதில் ஒரு பங்குதான். அது கிழடு தட்டிய மலை. இடைவெளி குறுகியது என்றால், மலை கீழிருந்து உந்தப்பட்டு மேலெழுந்துகொண்டே அரிக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

மறைந்துபோன மலைகள்

இமயம் இன்னும் கண்முன் நிற்கிறது. மலையே இல்லாமல் போன இடத்தில் என்ன செய்வது? அங்கே வண்டல் ஒன்றே சாட்சி.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் என்னும் குன்றுப் பகுதி உள்ளது. அதன் பாறைகள் பெரும்பாலும் சிவந்த மணற்பாறைகளும் களிப்பாறைகளும். ஏறத்தாழ 385 முதல் 360 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் படிந்தவை. கிழக்கே போகப் போக இந்த அடுக்குகள் தடிக்கின்றன, மணலும் பருமனாகிறது. மேற்கே போகப் போக அவை மெலிந்து, மண்ணும் நுண்மையாகி, கடைசியில் கடல்வாழ் உயிரிகளின் எச்சங்கள் நிறைந்த களிப்பாறையாக முடிகின்றன. ஆறு முதலில் பருமணலை இறக்கும் என்பதை இங்கே நினைவுகூர்ந்தால் போதும். மேடு கிழக்கே இருந்தது. கடல் மேற்கே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் பாரெல் என்னும் நிலவியலாளர் இந்தப் பாறைகளை ஒரு பெரிய தொல்பழங்கால டெல்டாவாக விளக்கினார். அந்த ஆறுகள் இறங்கிவந்த அக்கேடிய மலைத்தொடர் இன்று தேய்ந்து அடித்தளமாகிவிட்டது. அதன் டெல்டாவோ பிற்காலத்தில் மேலே உயர்த்தப்பட்டு, இன்று தானே மலை என்று பெயர் வாங்கி நிற்கிறது. அந்த டெல்டாவில் காடும் இருந்தது. 1869ஆம் ஆண்டு வெள்ளம் ஒன்று கில்போவா என்னும் ஊரருகே கரையை அரித்தபோது, பாறைக்குள் வேரூன்றி நின்றபடியே கல்லாகிப்போன மரத்தூர்கள் வெளிப்பட்டன. உலகில் அறியப்பட்ட மிகப் பழைய காடுகளுள் அது ஒன்று.

இதைவிடப் பெரிய டெல்டா ஒன்றும் உண்டு. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலின் அடியில், எண்ணெய் தேடுவோர் ஒலியலைகளை அனுப்பி எடுத்த படங்களிலும் தோண்டிய கிணறுகளிலும் அதன் சுவடுகள் தெரிந்தன. ஏறத்தாழ 230 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், டைனசோர்கள் தோன்றத் தொடங்கிய காலத்தில் அது பரந்திருந்தது. 2019இல் வெளியான ஆய்வின்படி அதன் பரப்பு 1.65 மில்லியன் சதுரக் கிலோமீட்டருக்கும் மேல். மலேசியாவைப் போல் ஐந்து மடங்கு! பூமி வரலாற்றில் இதுவரை அறியப்பட்ட டெல்டாச் சமவெளிகளில் இதுவே மிகப் பெரியது. அவ்வளவு மண்ணையும் தந்ததில் பெரும்பங்கு உரால் மலைத்தொடருக்கு. இன்று உராலின் மிக உயர்ந்த சிகரம் 1,900 மீட்டரைத் தொடவில்லை. சபாவின் கினபாலு மலையில் பாதி உயரம்கூட இல்லை. ஒரு காலத்தில் அது எவ்வளவு பெரிய மலையாக இருந்திருக்கும் என்பதற்கு அந்த டெல்டா ஓர் அளவுகோல்.

இமயத்தின் கணக்கு

மீண்டும் வங்காள விரிகுடாவுக்கு வருவோம். 2015ஆம் ஆண்டுப் பயணத்தில் ஆய்வாளர்கள் ஓரிடத்தில் மட்டும் துளையிடவில்லை. வட அகலாங்கு 8 பாகையை ஒட்டி, கிழக்கு மேற்காக 320 கிலோமீட்டர் தொலைவில் ஏழு இடங்களில் துளையிட்டார்கள். விசிறியின் மேல் கலங்கல் நீரோட்டம் பாயும் வாய்க்கால்கள் நிலையாக இருப்பதில்லை. கையை விட்டு நழுவிய தோட்டக்குழாய்போல் இங்கும் அங்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு துளையில் சில நூறாயிரம் ஆண்டுகளுக்கு மணலே காணோம் என்றால், இமயம் அரிக்கப்படுவது நின்றுவிட்டது என்று பொருளல்ல. வாய்க்கால் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். ஏழு துளைகளையும் ஒப்பிட்டால்தான் எது மலையின் மாற்றம், எது வாய்க்காலின் விளையாட்டு என்று பிரித்தறிய முடியும்.

மிக ஆழமான துளை கடற்படுகைக்குக் கீழே 1,180 மீட்டர் வரை சென்றது. அதில் இமய மணல் 25 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே காணப்பட்டது. முன்பு 1987இல் நடந்த துளையீட்டில் கிடைத்த பதிவைவிட இது ஏறத்தாழ 10 மில்லியன் ஆண்டுகள் பழமையானது. அந்த மணலின் சேர்க்கையும் இன்று கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் மணலை ஒத்திருந்தது. அப்படியானால் அக்காலத்திலேயே இமயம் பெரிய மலையாக நின்று, விரைந்து அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. இந்தியத் தட்டு ஆசியத் தட்டோடு மோதத் தொடங்கியது ஏறத்தாழ 50 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். ஆழ்கடலில் கிடைத்த மணலோ அதில் பாதி வயதையே சற்றுத் தாண்டுகிறது. இடைப்பட்ட காலத்து மண் எங்கே? விசிறி வடக்கே டெல்டாவை நெருங்க நெருங்கப் பல கிலோமீட்டர் தடிப்பாகிறது. பழைய அடுக்குகள் எந்தக் குழாயும் எட்டாத ஆழத்தில் புதைந்திருக்கலாம். ஒரு பகுதி கிழக்கே மியன்மாரின் அடியில் தட்டோடு சேர்ந்து உள்ளே போயிருக்கலாம். அல்லது மோதல் தொடங்கிய உடனே மலை உயரவே இல்லாமலும் இருக்கலாம். இம்மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்னும் விவாதம் இன்னும் முடியவில்லை.

வங்காள விசிறியின் மொத்தப் படிவு 12 மில்லியன் கன கிலோமீட்டருக்கும் மேல் என்று ஒரு மதிப்பீடு கூறுகிறது. இமயத்தின் நீளத்தை 2,400 கிலோமீட்டர், அகலத்தை 250 கிலோமீட்டர் என்று கொண்டால் பரப்பு 600,000 சதுரக் கிலோமீட்டர். அந்த மண்ணையெல்லாம் திரும்ப அள்ளி இமயத்தின்மேல் பரப்பினால் 20 கிலோமீட்டர் உயரம் வரும்! இது ஒரு தோராயக் கணக்குத்தான். மண்ணில் ஒரு பங்கு வேறு இடங்களிலிருந்தும் வந்திருக்கும். இருந்தாலும் எண்ணின் அளவு சிந்திக்க வைக்கிறது. எவரெஸ்ட் இன்று 8,849 மீட்டர். அது ஒரு காலத்தில் 28 கிலோமீட்டர் உயரமாக நிற்கவில்லை. சரக்கை இறக்க இறக்கப் படகு மேலெழுவதுபோல், மேலிருந்த பாறை அரிக்கப்பட்டுச் சுமை குறையக் குறைய, மலையின் அடிப்பகுதி மெல்ல மேலெழுகிறது. தட்டுகளின் மோதலும் அதை உந்திக்கொண்டே இருக்கிறது. பல கிலோமீட்டர் தடிப்புள்ள பாறை இப்படி எழுந்தெழுந்து தேய்ந்தபின்னும் மலை மலையாகவே நிற்கிறது.

சுமாத்ராவின் வாசலில்

இமயத்தின் மண் வங்காள விரிகுடாவோடு நிற்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் அடியில், கிழக்கு நெட்டாங்கு 90 பாகையை ஒட்டி, வடக்கு தெற்காக நேர்கோடு கிழித்தாற்போல் ஒரு முகடு ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, சுமாத்ராவுக்கு மேற்கே இருப்பது நிக்கோபார் விசிறி. 2016ஆம் ஆண்டில் அதே கப்பல் கொழும்பிலிருந்து புறப்பட்டு, சுமாத்ராவுக்கு மேற்கே இரண்டு இடங்களில் துளையிட்டுவிட்டுச் சிங்கப்பூரில் பயணத்தை முடித்தது. அங்கே கிடைத்த மணலிலும் இமயத்தின் முத்திரை இருந்தது. ஏறத்தாழ 9.5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 2 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு வரை, இமய மண் பேரளவில் இந்தப் பக்கம் வந்து குவிந்திருக்கிறது. வங்காள விசிறியை மட்டும் பார்த்து இமயத்தின் அரிப்பைக் கணக்கிட்டவர்கள் ஒரு பெரிய பங்கை விட்டுவிட்டார்கள் என்பது அதன் பிறகே தெளிவாயிற்று.

அந்தப் பயணத்துக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமாத்ராவின் வடமேற்கே நிகழ்ந்த நிலநடுக்கத்தையும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையையும் இவ்வட்டாரம் மறக்கவில்லை. ஆச்சே முதல் பினாங்கு, கெடா, தாய்லாந்து, இலங்கை, தமிழ்நாடு வரை கரையோர மக்கள் பாதிக்கப்பட்டனர்; 200,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தட்டுகள் சந்திக்கும் அகழிக்கு மிக அருகிலுள்ள பகுதியில் பொதுவாக இளகிய சேறே இருக்கும். அது பெரிய அளவில் வழுக்காது என்றே முன்பு பலர் கருதியிருந்தார்கள். 2004இல் அந்தப் பகுதியும் பெருமளவு நகர்ந்து, கடல்நீரை மேலே தள்ளியதுதான் அலையைப் பெரிதாக்கியது. இது ஏன் என்பதே கேள்வி.

துளையிலிருந்து எடுத்த மாதிரிகள் தந்த விளக்கம் இது. அங்கே கடலடியில் 1.4 கிலோமீட்டர் தடிப்புக்குப் படிவு குவிந்திருந்தது. அவ்வளவு தடித்த போர்வைக்குக் கீழே சூடு ஏறும். அந்தச் சூட்டில் அடியிலுள்ள கனிமங்கள் தம்முள் இருந்த நீரை, தட்டு அகழியை அடைவதற்கு முன்பே வெளியேற்றிவிட்டன. நீர் நீங்கிய படிவு இறுகி வலுப்பெற்றது. வலுவான பாறை இழுவிசையைத் தாங்கிக்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் உடைந்து நகரும். இளகிய சேறு அப்படிச் செய்யாது. இவ்வாறு இமயத்திலிருந்து இறங்கி வந்த மண், சுமாத்ராவின் வாசலில் நிலநடுக்கத்தின் போக்கையே மாற்றியிருக்கிறது. இதேபோல் தடித்த படிவு சேர்ந்துள்ள வேறு அகழிகளையும் இப்போது ஆய்வாளர்கள் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கிறார்கள்.

தட்டு சுமாத்ராவின் அடியில் நுழையும்போது அதன் மேலுள்ள படிவு முழுவதும் உள்ளே போய்விடுவதில்லை. மண்வாரி தள்ளிய மண்போல ஒரு பகுதி விளிம்பிலேயே சுரண்டப்பட்டு, மடிந்து, குவிந்து உயர்கிறது. சுமாத்ராவுக்கு மேற்கே வரிசையாகக் கிடக்கும் சிமெலூ, நியாஸ் முதலிய தீவுகள் அப்படி உயர்ந்த மேட்டின்மேல் அமைந்தவை. 2005ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மற்றொரு பெரிய நிலநடுக்கம் வந்தபோது நியாஸ் தீவின் மேற்குக் கரையில் சில இடங்கள் கிட்டத்தட்ட 3 மீட்டர் உயர்ந்தன. முந்தைய நாள் வரை நீருக்குள் இருந்த பவளத்திட்டுகள் வெயிலில் வெளுத்து நின்றன.